கார்ட்லெஸ் மைக்கும் காது மானிட்டரும்: டெல்டா மேடைகளுக்கு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, சீர்காழி என்று டெல்டாவில் எந்தப் பக்கம் போனாலும் திருவிழா மேடை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முன்னால் மேடை, நடுவில் ஜனம், ஜனத்துக்குப் பின்னால் மிக்ஸர் மேசை, மேசை மேல் கார்ட்லெஸ் மைக் அனுப்பும் அலையை வாங்குகிற பெட்டி, அதாவது ரிசீவர். சாயங்காலம் ஐந்து மணிக்குக் காலித் திடலில் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லிப் பார்த்தால் கணீரென்று கேட்கும். ராத்திரி ஒன்பது மணிக்குத் திடல் நிறைந்து, பிடித்த பாட்டுக்கு ஜனம் எழுந்து நின்றதும் குரல் விட்டு விட்டு வரும். 'மைக் மட்டம்' என்பார்கள். மைக்கில் ஒரு குறையும் இருக்காது. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். இந்த மைக்குகள் அனுப்பும் ரேடியோ அலையை அது நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஐந்து மணிக்கு இல்லாத கூட்டம் ஒன்பது மணிக்கு மைக்குக்கும் ரிசீவருக்கும் நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான்.

கார்ட்லெஸ் விஷயத்தில் பணம் போட்டுத் தீரும் சிக்கல் கொஞ்சம்தான். எதை எங்கே வைக்கிறோம், எந்த அலைவரிசையை யாருக்குக் கொடுக்கிறோம் என்று முன்கூட்டிப் பார்த்துச் செய்தாலே முக்கால்வாசி தீர்ந்துவிடும். பாடுபவர் தன் குரலையும் வாத்தியங்களையும் கேட்டுக்கொள்ளக் காதில் மாட்டும் மானிட்டருக்கும் இதுவே பொருந்தும். மெல்லிசைக் குழு, நாடகக் குழு, கல்யாண மண்டபம், மைக் செட் தொழில் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், கீழே உள்ள வரிசையிலேயே வேலையைச் செய்துவந்தால் நல்லது.

படி 1: யாருக்குக் கார்ட்லெஸ் வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள்

உட்கார்ந்து பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் கார்ட்லெஸ் தேவையில்லை. கர்நாடகக் கச்சேரியில் பாடகர், வயலின், மிருதங்கம், கடம், யாருமே இடத்தை விட்டு நகர்வதில்லை. வயர் மைக்கில் செல் தீராது, அலைவரிசை மோதாது, அடுத்த தெரு அறிவிப்பு நடுவில் புகாது. திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமி அன்று தியாகராஜர் சமாதிக்கு முன்னால் நூற்றுக்கணக்கான வித்வான்கள் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிறார்களே, அந்த மாதிரி இடத்துக்கு நல்ல வயர் மைக்குகளைச் சரியான இடங்களில் நிறுத்துவதைவிட உயர்ந்த வழி கிடையாது. நாட்டியாஞ்சலி மேடையில் நட்டுவனார் உட்கார்ந்துதான் ஜதி சொல்கிறார். அவருக்கும் வயரே போதும். பட்டிமன்றத்தில் பேசுபவர் மேசைக்குப் பின்னால் நிற்கிறார், அவருக்கும்தான். கீபோர்டுக்காரர் இரண்டு வரி சேர்ந்து பாடுவார் என்பதற்காக அவருக்கு ஒரு கார்ட்லெஸ் கொடுப்பது வீண்.

கால் நகர்கிற ஆளுக்கு மட்டும் கார்ட்லெஸ்: மெல்லிசைப் பாடகர்கள், தொகுப்பாளர், நாடக நடிகர், கையில் கோலோ வாளோ வைத்து ஆடிக்கொண்டே பாடுபவர். மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா போல, பேச்சு, பாட்டு, ஆட்டம் மூன்றையும் ஒரே ஆள் செய்கிற கலைகளில்தான் உடம்பில் மாட்டும் மைக்குக்கு உண்மையான வேலை இருக்கிறது.

எட்டு கார்ட்லெஸ் கேட்டால் நாலாகக் குறைக்கப் பாருங்கள். குறைகிற ஒவ்வொன்றும் மீதியுள்ளவற்றுக்கு இடம் விடுகிறது. எப்படி என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 2: அலைவரிசையைப் பிரியுங்கள்

சந்தையில் மூன்று வகை கிடைக்கும். பழைய விஎச்எஃப் (300 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட பட்டை) மைக்குகள் பெரும்பாலும் ஒரே நிலையான அலைவரிசையில் ஓடுபவை. ஒரே மாடலை இரண்டு செட்காரர்கள் வைத்திருந்தால் ஒருவர் மைக் மற்றவர் ஸ்பீக்கரில் பேசும். ஆடி மாதத்தில் ஒரு தெரு அம்மன் கோயிலில் கஞ்சி வார்க்கும் அறிவிப்பு அடுத்த தெருக் கச்சேரியில் கேட்பதெல்லாம் இப்படித்தான். அடுத்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் மைக். வைஃபையும் புளூடூத்தும் அதே பட்டையில்தான் இருக்கின்றன. சின்ன மண்டபத்தில், ஒன்றிரண்டு மைக்குக்கு, தாராளமாகப் போதும். ஊரே போனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் திடலில் அதன் தூரம் சட்டென்று சுருங்கிவிடும். மேடைத் தொழிலுக்கு யூஎச்எஃப் (500, 600 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துப் பட்டை) தான் சரி. அலைவரிசையை மாற்றிக்கொள்ள வசதி உள்ள செட்டாக வாங்குங்கள்.

யூஎச்எஃபிலும் ஒரு எச்சரிக்கை. 703 முதல் 748 வரையும், 758 முதல் 803 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பகுதி செல்போனுக்குப் போய்விட்டது. 2022 ஏலத்தில் ஜியோ இந்த 700 பட்டையை வாங்கி 5ஜி சேவைக்குப் பயன்படுத்துகிறது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டிலேயே 700 பட்டையில் மைக் ஓட்டத் தடை வந்தது. எனவே 'பெரிய கம்பெனி செட், பாதி விலை' என்று யாராவது பழைய பெட்டியைக் காட்டினால் முதலில் பின்பக்க ஸ்டிக்கரில் அலைவரிசை எண்ணைப் பாருங்கள். 7 என்று தொடங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்கும்போது, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி ஒப்புதல் இருக்கிறதா என்று கடையில் கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

சரி, ஒரே மேடையில் நாலு மைக் என்றால் எண்களை எப்படிக் கொடுப்பது? 'சமமாக இடைவெளி விட்டால் போதும்' என்றுதான் முதலில் தோன்றும். அதுதான் தப்பு. இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் (மைக்கில் அலையை அனுப்பும் கருவி) பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவை கலந்து, யாருமே அனுப்பாத புது அலைவரிசைகள் பிறக்கும். மோசமானது எதுவென்றால், ஒன்றின் எண்ணை இரண்டால் பெருக்கி அதிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது. 540.0, 540.4, 540.8 என்று அழகாகச் சம இடைவெளி வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 540.4-ஐ இரண்டால் பெருக்கினால் 1080.8, அதில் 540.0 போனால் 540.8. மூன்றாவது மைக்கின் எண்ணிலேயே போய் உட்காருகிறது. முதல் இரண்டு பாடகர்களும் அருகருகே வந்து டூயட் பாடும்போதெல்லாம் மூன்றாவது மைக் கரகரக்கும். அதையே 540.0, 540.5, 541.3 என்று ஏறுமாறாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிறக்கிற எந்த எண்ணும் மூன்றில் எதன் மேலும் விழாது, குறைந்தது 0.3 மெகாஹெர்ட்ஸ் தள்ளியே நிற்கும்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டியதில்லை. நல்ல செட்களில் 'குரூப்', 'சேனல்' என்று இருக்கும். ஒரு குரூப்புக்குள் உள்ள சேனல்களைக் கம்பெனி ஏற்கெனவே கணக்குப் பார்த்துத்தான் அடுக்கியிருக்கும். அதனால் எல்லா ரிசீவரையும் ஒரே குரூப்பில் வைத்து, ஆளுக்கொரு சேனல் கொடுங்கள். ஒன்றை குரூப் 1-இலும் இன்னொன்றை குரூப் 3-இலும் வைத்தால் அந்தக் கணக்கே உடைந்துவிடும். வேறு வேறு கம்பெனி செட்களைக் கலந்து ஓட்டுகிறவர்கள்தான் பேப்பரும் பேனாவும் எடுக்க வேண்டும்.

எந்த எண் காலியாக இருக்கிறது என்று ரிசீவரைத் தேடவிடுவதுதான் ஸ்கேன். அதைச் செய்யும் நேரமும் முக்கியம். மதியம் எல்லாம் அணைந்திருக்கும்போது ஸ்கேன் செய்து பயனில்லை. எல்இடி திரை ரேடியோ இரைச்சலைக் கக்கும். மலிவான சீரியல் லைட் அடாப்டர்களும் அப்படித்தான். திரை, லைட், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஓடவிட்டு, உங்கள் டிரான்ஸ்மிட்டர்களை மட்டும் அணைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். எதுவும் அனுப்பாதபோதும் ரிசீவரில் சிக்னல் கோடு எழுந்தால் அந்த எண்ணில் வேறு யாரோ இருக்கிறார்கள், மாற்றிவிடுங்கள். பக்கத்து ஊரிலும் அன்றைக்கே திருவிழா என்றால் அங்குள்ள செட்காரருக்கு ஒரு போன் போடுங்கள். 'அண்ணே, நீங்க எந்த நம்பர்ல ஓட்டுறீங்க?' என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: ரிசீவரை மேடையோரம் கொண்டுவாருங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ரிசீவரை மிக்ஸர் மேசையிலிருந்து எடுத்து மேடையின் பக்கவாட்டில் வையுங்கள். அங்கிருந்து சாதாரண எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளில் ஆடியோவை மிக்ஸருக்கு இழுங்கள். ஆடியோ கேபிளுக்குக் கூட்டம் ஒரு பொருட்டே இல்லை.

ஆண்டெனா, நிற்கிற ஆளின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். ஸ்பீக்கர் ஸ்டாண்டு ஒன்றில் ஏற்றிவிட்டால் போதும். பாடகர் எங்கே நின்றாலும் ஆண்டெனா கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. இரண்டு ஆண்டெனா உள்ள ரிசீவரில் இரண்டையும் விரலை விரித்துக் காட்டுகிற மாதிரி 'வி' வடிவில் சாய்த்து வையுங்கள். ஒன்றில் சிக்னல் இறங்கும்போது இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்வதற்குத்தான் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் ஒரே பக்கம் மடக்கினால் அந்தப் பயன் போய்விடும். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீட்டர். வெளி ஆண்டெனா வைத்தால் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது அதில் பாதியாவது, முடிந்தால் ஒரு மீட்டருக்கு மேலும், இடம் விடுங்கள்.

தகரக் கொட்டகை, இரும்புச் சாரம், லாரி மேடை, இவை அலையைத் திருப்பி அடிக்கும். நேராக வரும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிற இடங்கள் மேடையில் அங்கங்கே இருக்கும். பாடகர் அந்த இடத்தில் கால் வைத்தால் 'டப்' என்று ஒரு வெட்டு. ஓரடி தள்ளினால் சரியாகிவிடும். அப்படிப்பட்ட இடம் சோதனையில் தெரிந்தால் முதலில் ஆண்டெனாவை இரண்டடி நகர்த்திப் பாருங்கள். பாடகரை நகரச் சொல்வது கடைசி வழி.

எல்இடி திரைக்குப் பின்னால் ரிசீவரை ஒளித்து வைக்கக் கூடாது. பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்பார் பந்தல்காரர். தலையாட்டிவிட்டு வேறு இடத்தில் வையுங்கள். பயன்படுத்தாத மைக்குகளை ஆன் செய்தபடி ரிசீவர் மேலேயே படுக்கவைப்பதும் கூடாது. மிக அருகில் உள்ள வலுவான சிக்னல் தூரத்தில் உள்ளதை அமுக்கிவிடும். மூன்று மீட்டராவது தள்ளி, ஒன்றுக்கொன்று இடம் விட்டு வையுங்கள். டிரான்ஸ்மிட்டரில் 10, 30 மில்லிவாட் என்று சக்தியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் சாதாரண மேடைக்கு 10 போதும். சக்தியைக் கூட்டினால் செல்லும் சீக்கிரம் தீரும், மேலே சொன்ன கலப்பு எண்களும் வலுக்கும்.

படி 4: உடம்பில் மாட்டுவது

கையில் பிடிக்கிற மைக்கை நடுவில் பிடிக்க வேண்டும். மேலே வலைக்கூண்டை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பது இப்போது ஒரு ஸ்டைல். அந்த மைக் முன்னால் வரும் குரலை மட்டும் எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. பின்பக்கத் துளைகளை மூடினால் எல்லாப் பக்கமும் எடுக்க ஆரம்பித்து, மேடையில் பாடகரைப் பார்த்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கரைப் பார்த்ததும் 'கூ' என்று கத்தும். கீழ்முனையைப் பொத்திப் பிடித்தால் பல மாடல்களில் ஆண்டெனாவையே கையால் மூடியது மாதிரி ஆகும். வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு மூன்று விரல் அகலம் இருக்கட்டும். ரொம்ப ஒட்டினால் அடித்தொனி வீங்கி, சொல் புரியாமல் போகும்.

காலர் மைக் மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் பெரிய ஸ்பீக்கர் உள்ள மேடையில் நான் காலர் மைக்கைவிடக் கன்னத்தோடு ஒட்டும் ஹெட்செட் மைக்கையே சொல்வேன். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் மைக்குக்குக் கிடைக்கும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். 20 சென்டிமீட்டரிலிருந்து 2.5 சென்டிமீட்டருக்கு வந்தால் மூன்று முறை பாதி, அதாவது 18 டெசிபல். அவ்வளவு தூரம் கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவை) குறைத்துக்கொள்ளலாம். கத்தலும் அந்த அளவுக்கு விலகிப்போகும். ஹெட்செட்டின் முனை வாய்க்கு நேரே வராமல் உதட்டோரத்தில் நிற்கட்டும். இல்லாவிட்டால் 'ப', 'ப' என்று காற்று வெடிக்கும்.

நம் ஊர் மேடைக்கென்று ஒரு தொல்லை உண்டு: பொன்னாடையும் மாலையும். காலர் மைக்கோடு சிறப்பு விருந்தினர் உட்கார்ந்திருப்பார். சம்பங்கி மாலை வந்து மார்பில் விழும். ஸ்பீக்கரில் மரம் முறிகிற சத்தம். மரியாதை செய்கிற நேரத்தில் மிக்ஸரில் அந்தச் சேனலை மியூட் செய்ய ஒரு விரல் தயாராக இருக்க வேண்டும். பட்டுப் புடவை உரசும், கழுத்துச் சங்கிலி மைக்கில் தட்டும். மைக்கைத் துணியில் குத்துவதற்கு முன்னால் கேபிளை ஒரு சின்ன வளையமாகச் சுற்றிக் கிளிப்புக்குள் கொடுத்து, உள்பக்கம் டேப் ஒட்டிவிட்டால் இழுவைச் சத்தம் பாதி குறையும்.

பாடி பேக்கின் (இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர் பெட்டி) வால் ஆண்டெனாவை மடித்து வேட்டிக் கட்டுக்குள் செருகக் கூடாது. அது நேராகத் தொங்க வேண்டும். வியர்வை படிந்த தோலில் ஒட்டினாலும் சிக்னல் குறையும். ராஜபார்ட் உடுப்பில் உலோக ஜரிகையும் தகட்டு வேலையும் இருந்தால் பேக்கை அதற்குள் புதைக்காமல், முதுகுப் பக்கம் துணி மெல்லியதாக உள்ள இடத்தில் தனிப் பை தைத்து வையுங்கள். சித்திரை வைகாசியில் வியர்வைதான் எதிரி. பேக்கை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேபிள் நுழைகிற வாயை டேப்பால் மூடி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள்.

படி 5: கெயின்

டிரான்ஸ்மிட்டரில் ஒரு கெயின், ரிசீவரில் ஒரு வெளியீட்டு அளவு, மிக்ஸரில் ஒரு கெயின். மூன்றையும் இந்த வரிசையிலேயே வையுங்கள். பாடகரை மெதுவாக 'ஹலோ' சொல்லச் சொல்லி வைத்த அளவு மேல் ஸ்தாயிக்குப் போகும்போது உடையும். 'தம்பி, இன்னைக்கு எது ரொம்ப ஏறிப் போகுமோ அதைப் பாடுப்பா' என்று கேளுங்கள். அதற்கு பீக் விளக்கு எப்போதாவது ஒரு முறை கண் சிமிட்டினால் சரி. நின்று எரிந்தால் டிரான்ஸ்மிட்டரில் குறைக்க வேண்டும். ரிசீவரில் 'மைக்', 'லைன்' என்று சுவிட்ச் இருந்தால் மிக்ஸரில் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறீர்களோ அதற்கு ஒத்ததாக வையுங்கள். சத்தம் உடைகிறது, இல்லாவிட்டால் 'ஸ்ஸ்' என்று இரைகிறது என்று வருகிற புகாரில் பாதிக்குக் காரணம் இந்தச் சுவிட்ச். வலுவில்லாத சிக்னலை வெட்டிவிடும் ஸ்குவெல்ச் திருகைத் தொடாதீர்கள். அதை ஏற்றினால் மைக் போகும் தூரம் குறையும்.

மைக்கைத் தட்டியும் ஊதியும் சோதிக்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

படி 6: செல்

ஆல்கலைன் செல், இல்லாவிட்டால் நல்ல ரீசார்ஜ் செல். பெட்டிக்கடையில் ரிமோட்டுக்கு விற்கிற மலிவு செல் மைக்குக்கு ஆகாது. நிக்கல் ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5; அதனால் ரீசார்ஜ் செல் நிறைந்திருந்தாலும் மீட்டர் குறைத்துக் காட்டும். மெனுவில் செல் வகையைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே பேக்கில் கலக்காதீர்கள். விடிய விடிய நடக்கிற நாடகத்துக்கு ஒரு ஜோடி செல் தாங்காது. யார் எந்தக் காட்சியில் உள்ளே போகிறார் என்று முன்பே கேட்டுவைத்து, அந்த இடைவெளியில் மாற்றுங்கள். மாற்றுகிறவர் ஒரே ஆளாக இருக்கட்டும். இரண்டு பேர் பொறுப்பு என்றால் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

படி 7: காது மானிட்டர்

தரையில் வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் மேடைச் சத்தத்தைக் கூட்டும். சத்தம் கூடினால் பாடகருக்குத் தன் குரல் கேட்காது. 'அண்ணே, என் குரலக் கொஞ்சம் கூட்டுங்க' என்பார். கூட்டினால் மைக் கத்தும். காதுக்குள் மாட்டும் மானிட்டர் அந்தச் சுழலை நிறுத்தும். சுருதி பிசகாது, பாடகர் மேடையில் எங்கே போனாலும் ஒரே மாதிரி கேட்கும்.

ஆனால் எல்லாருக்கும் இது வேண்டியதில்லை. கர்நாடகக் கச்சேரியில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் நடுவில் கண்ணாலும் காதாலும் ஒரு பேச்சு நடந்துகொண்டே இருக்கும். முன்வரிசை ரசிகரின் 'பலே' கூட அதில் சேர்த்தி. இரண்டு காதையும் அடைத்துவிட்டு அதை எங்கே தேடுவது? அங்கே ஒரு சின்ன ஸ்பீக்கரில் குரலும் சுருதியும் அளவாகக் கொடுத்தால் போதும். மெல்லிசைக் குழு, காதில் தாளம் தட்டும் கிளிக் டிராக்கோடு வாசிப்பவர்கள், பாடி ஆடி நடிப்பவர்கள் ஆகியோருக்குக் காது மானிட்டர் கொடுங்கள். அதிலும் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ், பேட், கீபோர்டுக்காரர்களுக்கு வயர் ஹெட்போன் ஆம்ப் போதும். செலவு பல மடங்கு குறையும், அலைவரிசையும் மிஞ்சும்.

ஒரு டிரான்ஸ்மிட்டர் அனுப்புவதை எத்தனை ரிசீவர் பேக் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒரே மாதிரி மிக்ஸ் (எந்தச் சத்தம் எவ்வளவு என்கிற கலவை) கேட்டால் போதும் என்கிற மூன்று பாடகர்களுக்கு ஒரே டிரான்ஸ்மிட்டர் போதும். இரண்டு மிக்ஸ் வேண்டுமென்றால் இடது பக்கத்தில் ஒன்று, வலது பக்கத்தில் ஒன்று அனுப்பி, பேக்கில் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதி பல செட்களில் உண்டு. குறைந்த பட்ஜெட் குழுக்களுக்கு இது பெரிய உதவி.

மானிட்டர் டிரான்ஸ்மிட்டரும் மைக் ரிசீவரும் ஒரே ரேக்கில் அடுக்கடுக்காக இருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். ஒன்று கத்துகிறது, மற்றது காது கொடுத்துக் கேட்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எப்படிக் கேட்கும்? இரண்டின் ஆண்டெனாவும் மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்; அலைவரிசையிலும் மைக்குகளுக்கும் மானிட்டருக்கும் நடுவில் 10 மெகாஹெர்ட்ஸாவது விடுங்கள். பாடகரின் இடுப்பிலும் இதே விதிதான்: ஹெட்செட் மைக்கின் பேக் இடப்பக்கம், மானிட்டர் பேக் வலப்பக்கம்.

காதில் சரியாக அடைப்பது இதில் பாதி வேலை. செட்டோடு வருகிற ரப்பர் முனைகளில் மூன்று அளவு இருக்கும். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்று கிடையாது. பொருந்தியதா என்று தெரிந்துகொள்ள பேஸ் கிட்டார் உள்ள பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அடித்தொனி காணாமல் போயிருந்தால் முனை அடைக்கவில்லை. உடனே வால்யூமைக் கூட்டாமல் முனையை மாற்றுங்கள். இயர்போனை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பேக்கைப் பகிர்ந்துகொள்ளலாம், காதுக்குள் போவதைப் பகிரக் கூடாது.

மிக்ஸ் கட்டும்போது முதலில் அவர் குரல். அடுத்து சுருதியைக் காட்டுகிற ஒன்று, பெரும்பாலும் கீபோர்டு. அப்புறம் தாளத்தைக் காட்டுகிற ஒன்று. அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு பாட்டு பாடச் சொல்லுங்கள். போதவில்லை என்று அவரே கேட்டால் மட்டும் அடுத்ததைச் சேருங்கள். ஸ்பீக்கரில் ஜனம் கேட்கிற மொத்த மிக்ஸையும் அப்படியே காதுக்குள் கொடுப்பதுதான் பலர் செய்வது. பாடகர் அதற்குள் தன் குரலைத் தேடி வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார். 'குரல் கூட்டுங்க' என்று கேட்டால் முதலில் மற்றவற்றைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ஸ்டீரியோ வசதி இருந்தால் குரலை நடுவிலும் கீபோர்டை ஒரு பக்கமும் தாளத்தை மறுபக்கமும் தள்ளுங்கள். அதே அளவில் எல்லாம் தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

காதை அடைத்துப் பாடும்போது தன் குரல் எலும்பு வழியாகவும் உள்ளே கேட்கும். அதுவும் மானிட்டரில் வருவதும் எதிரெதிராக இருந்தால் குரல் மெலிந்து, குழாய்க்குள் பாடுகிற மாதிரி இருக்கும். ஈக்வலைசரைத் திருகிக்கொண்டிருக்காமல் மிக்ஸரில் அந்தச் சேனலின் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை ஒரு முறை அழுத்திக் கேட்டு, எது முழுமையாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் இயர்பட்ஸை மானிட்டராக வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. பெரும்பாலானவற்றில் சத்தம் நூறு மில்லி விநாடிக்கும் மேல் தாமதமாக வரும். பாடுபவருக்குப் பத்துக்குள் வர வேண்டும். தாளம் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது, ஒரு காதைக் கழற்றித் தொங்கவிடுகிற பழக்கம். ஜனத்தின் சத்தம் கேட்கவில்லை, தனியாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்பதால் செய்கிறார்கள். நியாயமான குறைதான். ஆனால் இரண்டு காதாலும் கேட்கும்போது கிடைக்கும் நிறைவு ஒரு காதில் கிடைக்காது. மாட்டியிருக்கிற காதில் வால்யூம் ஏறும், திறந்த காதில் டிரம்ஸும் ஸ்பீக்கரும் அடிக்கும். இரண்டும் கெடும். இதற்கு மேடையின் இரண்டு ஓரத்திலும் ஜனத்தைப் பார்த்தபடி இரண்டு மைக் வைத்து, மானிட்டர் மிக்ஸில் மட்டும் கொஞ்சம் கலந்துவிடுங்கள். கைதட்டல் காதுக்கே வரும்.

எவ்வளவு சத்தம் தாங்கும்? அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பு வகுத்த வரம்பு: 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்கு 15 நிமிடம். மூன்று மணி நேரக் கச்சேரி பாடுகிறவர் எங்கே நிற்க வேண்டும் என்று இதிலிருந்தே தெரிகிறது. நிகழ்ச்சி முடிந்து வேனில் ஏறும்போது காதில் 'ங்ங்' என்று இரைந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பேக்கில் சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் இருந்தால் எப்போதும் ஆனிலேயே இருக்கட்டும். யாராவது மைக்கைக் கீழே போட்டால் காதைக் காப்பாற்றுவது அதுதான். மாட்டும்போது வால்யூம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும்; மாட்டிய பிறகுதான் ஏற்ற வேண்டும்.

படி 8: சோதனை வரிசை

எல்லா டிரான்ஸ்மிட்டரையும், மானிட்டரையும் சேர்த்து, ஒரே நேரத்தில் ஆன் செய்யுங்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மோதல் எல்லாம் சேர்ந்தால்தான் தெரியும். பிறகு ஒவ்வொரு மைக்காக அணைத்து, அதன் ரிசீவரில் சிக்னல் கோடு முழுசாக விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் மற்ற மைக்குகள் அதற்குள் கலக்கின்றன, சேனலை மாற்றுங்கள். அடுத்து, ஒருவர் மைக்கோடு பேசிக்கொண்டே மேடை முழுக்க, படிக்கட்டு, ஒப்பனை அறை வாசல் வரை நடக்க வேண்டும். இன்னொருவர் ரிசீவரை மட்டும் பார்க்க வேண்டும். நடப்பவர் மைக்குக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் முதுகைக் காட்டியும் நிற்கட்டும். கூட்டம் வந்த பிறகு சிக்னல் இன்னும் இறங்கும் என்பதால், காலி மேடையில் இரண்டு கோடு வருகிற இடத்தைச் சரி என்று விடாதீர்கள்.

ஒவ்வொரு மைக்கிலும் கலர் டேப் சுற்றி, அதே கலரை ரிசீவரிலும் மிக்ஸர் சேனலிலும் ஒட்டுங்கள். இருட்டில் எண்ணைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. எந்த மேடையிலும் ஒரு வயர் மைக் ஸ்டாண்டோடு, மிக்ஸரில் செருகி, ஓரமாகத் தயாராக நிற்க வேண்டும். நடுவில் ஒரு கார்ட்லெஸ் மைக் போய்விட்டால் காரணம் தேடுவதற்கு முன்னால் அதைப் பாடகர் கையில் கொடுத்துவிடுங்கள். செல்லா, சேனலா, ஆண்டெனாவா என்று பிறகு ஆற அமரப் பார்க்கலாம்.

முடிந்த பிறகு செல்லைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். கசிந்த செல் ஒரு பேக்கையே தின்றுவிடும். வலைக்கூண்டைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றிலும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் இல்லாவிட்டால் செல் முனைகளில் பச்சை பூத்துவிடும். மறுநாள் வேறு ஊரில் நிகழ்ச்சி என்றால் ஸ்கேனை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். திருவாரூரில் காலியாக இருந்த எண் நாகையில் வேறு யாராவது ஓட்டிக்கொண்டிருக்கிற எண்ணாக இருக்கலாம்.